இரண்டு கரண்டித் தண்ணீர்

அக்டோபர் 3
மிசுனாஷி

அண்ணி,

நான் தோவா. உங்கள் அப்பா போன வருடம் போட்ட புத்தாண்டு அட்டையிலிருந்து இந்த முகவரியை எடுத்தேன். அட்டையை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டேன்.

உங்கள் கைபேசி அணைந்தே இருக்கிறது. என்னுடையதை அம்மா படுக்கப் போகும் முன் வாங்கி மாவுப் பெட்டியின் மேல் வைத்துவிடுகிறாள். உயர்நிலைப் பள்ளித் தேர்வு வருகிற வருடம் என்று காரணம் சொல்கிறாள். எல்லோரும் படுத்த பிறகு கணக்குப் புத்தகத்தின் அடியில் தாளை வைத்து எழுதுகிறேன். படியில் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். வரிகள் எங்கேயாவது பாதியில் நின்றால் அதுதான் காரணம்.

நீங்கள் போய்ப் பதினேழு நாள் ஆகிறது. உங்கள் ஏப்ரனை அம்மா துவைத்து மடித்து எங்கேயோ வைத்துவிட்டாள். ஆணி மட்டும் இருக்கிறது.

சுகாதார அலுவலகம் சொன்ன ஐந்து நாள் அடைப்பு எப்போதோ முடிந்தது. அம்மா இன்னும் கடையைத் திறக்கவில்லை. வாசலில் நின்ற அனிமே நாயகி யாசுஹாவின் அட்டை உருவத்தை அண்ணன் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். ரயில் நிலையத்தில் இருந்த உங்கள் வரைபடத்தையும் எடுத்துவிட்டார்கள். ‘பனி நிறுத்தம்’ அனிமேயில் வருகிற இடம் ஒன்று, அதன் பக்கத்திலேயே அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்று என்று இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வரைந்தீர்களே, அது. கட்டுக் கட்டாகக் கட்டிச் சங்க அலுவலக மாடியில் போட்டிருக்கிறார்கள்.

நேற்று சுற்றுலாச் சங்கத்து சுகா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“கடோகுச்சியம்மா, ஜனவரியில ரெண்டாவது பாகம் ஆரம்பிக்குது. பஸ் பஸ்ஸா ஆளுங்க வருவாங்க. உங்க கடை மறுபடி வரைபடத்துல ஏறணும்னா ஒரு தாள் வேணும். யாரு செஞ்சது, எப்படி ஆச்சு, இனிமே ஆகாது. அவ்வளவுதான். செஞ்சவங்க முத்திரை இருந்தாப் போதும்.”

“யாருன்னுதான் ஊருக்கே தெரியுமே” என்றாள் அம்மா.

உள்ளே அண்ணன் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தான். கத்திச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அந்தத் தாள் உங்களுக்கு வரும் அண்ணி. வந்தால் அவசரப்பட்டு முத்திரை போட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு நடந்தது உங்களுக்கு எந்த அளவுக்கு ஞாபகம் இருக்கிறது? பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என் வகுப்பு ரின்காவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவள் எதுவும் கேட்கமாட்டாள். ஒரு வாரம் நான் அவளுக்கு வீட்டுப்பாடம் செய்து தரவேண்டும், அவ்வளவுதான்.

தோவா

.

அக்டோபர் 12
யாய்சு

தோவா,

உன் கடிதத்தை ரின்காவின் கையெழுத்தில் இருந்த உறையில் பார்த்ததும் யாரோ ரசிகர் திட்டி எழுதியிருக்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்கவில்லை. மன்னித்துவிடு.

நான் இங்கே வேலைக்குப் போகிறேன். அப்பா இருக்கும் மாசிக் கொட்டகையில்தான். வேகவைத்த சூரை மீனிலிருந்து முள்ளைப் பிடுங்குவது என் வேலை. அதன் பிறகு மீன் புகைக்குப் போகும், நான் அடுத்த தட்டுக்குப் போவேன். விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. அது வசதியாகத்தான் இருக்கிறது.

பக்கத்து மேசையில் இருக்கும் அக்காமார் முதல் வாரம் பேசாமல் இருந்தார்கள். இப்போது ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏம்மா மிஹோகோ, நீ கார்ட்டூன் பாத்துட்டுத்தானே வடக்க போன?”

“ஆமாக்கா.”

“போன இடத்துலயே ஒருத்தனைப் புடிச்சுக்கிட்ட. அவனும் கார்ட்டூன் மாதிரியா இருப்பான்?”

“ஊமைக் கார்ட்டூன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்த மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஐந்து வருடம் முன்னால், காட்சிகளை அச்செடுத்த பதினொரு தாளோடு நான் தனியாக வந்தேன். நான்காம் பகுதியில் யாசுஹா பனியில் நனைந்து வந்து வெள்ளைக் கக்கே சாப்பிடுவாளே, அந்தத் தாளை உங்கள் கடை மேசைமேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. அப்போது கோசுகே வந்து ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்தான். சரியாகப் பொருந்தியது. என் கல்யாணக் கதை அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகுதான், உங்கள் ஊரில் கக்கே என்று வெறும் கோதுமை மாவை முக்கோணமாக வெட்டி, முள்ளங்கியும் தோஃபுவும் போட்டு வேகவைத்து, பூண்டும் மிசோ என்ற சோயா விழுதும் தடவிச் சாப்பிட்டே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஞாபகம் இருக்கிறதா என்றால், மற்றது எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு. வாசலில் இருபது பேர் வரிசை. அந்தப் பெண் ஓனிஷி குமமோத்தோவிலிருந்து வந்திருந்தாள். கையில் என் வரைபடம். உட்காரும் முன்பே கேட்டாள்: “எனக்கு சொபா தானியம் ஆகாதுங்க. கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைச்சுக்கும். இதுல வெள்ளை சாப்பிடலாம்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?”

நான் சிரித்தேன். “சாம்பல் கக்கேதான் சொபா மாவு. வெள்ளை முழுக்கக் கோதுமை. பானையே வேற வேற. தைரியமா சாப்பிடுங்க” என்றேன். அந்த வரியை வரைபடத்தில் எழுதியதும் நான்தானே.

கிண்ணத்தை வைத்ததும் அவள் தாளை நீட்டிப் பிடித்தாள். மேலே இருந்த முக்கோணத்தின் முனை காட்சியில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. அவள் முகம் லேசாக வாடியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். “இருங்க” என்று சொல்லித் தட்டில் கிடந்த பரிமாறும் குச்சிகளை எடுத்து முனையைத் திருப்பி வைத்தேன். படம் எடுத்தாள். சாப்பிட்டாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள்.

அதே தட்டில் பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய சாம்பல் கிண்ணமும் இருந்தது. அந்தக் குச்சி அதில் பட்டிருக்கவேண்டும். பட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் வேறு எப்படியும் ஆகியிருக்க முடியாது, இல்லையா? ஒரு படம் அழகாக வரவேண்டும் என்று நான் செய்த வேலை. அந்தப் பெண் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அவளுக்கு மூன்று மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒரு பெட்டி மாசியும் அனுப்பினேன். பெட்டி கயிறு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. அவள் அம்மா அனுப்பியிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தாள் வரட்டும். நீ படி.

மிஹோகோ

.

அக்டோபர் 24

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் படித்தேன். குச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தைப் பலமுறை படித்தேன்.

இன்று எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதிரித் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினேன். ஆசிரியர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சாப்பாடு வருகிறது, சாப்பிடுகிறேன். காலுக்கு அடியில் தரை கொஞ்சம் தள்ளி இருப்பது போல் இருக்கிறது.

அம்மாவும் அண்ணனும் போன திங்கட்கிழமை சண்டை போட்டார்கள். நான் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

“தாளை அனுப்பிட்டேன். அடுத்த மாசம் முப்பதுக்குள்ள முத்திரை போட்டு அனுப்பச் சொல்லிட்டேன்” என்றாள் அம்மா.

“என்னைக் கேக்காமலா?”

“உன்னைக் கேட்டு என்ன? நீ வாயத் தொறந்து எத்தனை நாள் ஆச்சு?”

“அவ இங்க இல்லைம்மா. இல்லாதவ தலையில...”

“யாருடா போகச் சொன்னா? ராத்திரியோட ராத்திரியா பொட்டிய எடுத்துக்கிட்டு அவளாத்தானே போனா? முத்திரையப் போட்டுட்டு வரட்டும். புத்தாண்டுக்குக் கூட உக்காந்து சாப்பிடட்டும். நான் ஒரு வார்த்தை கேப்பனா? கேக்கமாட்டேன். எனக்கு மட்டும் அவ வேண்டாமா?”

அண்ணன் கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டான். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டே சோறு சாப்பிட்டான். இப்போதெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

அண்ணி, முத்திரை போடாதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

தோவா

.

நவம்பர் 5
யாய்சு

தோவா,

ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? எனக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு மாதமாக ஒரு குச்சியைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ பதினைந்து வயதில் எனக்கு உத்தரவு போடுகிறாய், காரணம் சொல்லமாட்டாய். நீ என்மேல் பாசமாகச் சொல்கிறாய் என்று தெரியும். பாசம் வேண்டாம். காரணம் இருந்தால் சொல். இல்லையென்றால் தேர்வுக்குப் படி.

தாள் வந்துவிட்டது. உன் அம்மா எழுத்து எவ்வளவு அழகு. ‘நான் பரிமாறும் குச்சிகளை மாற்றிப் பயன்படுத்தியதால்’ என்று தொடங்குகிறது. கீழே என் பெயர், பக்கத்தில் முத்திரைக்குச் சின்ன வட்டம்.

உன் அம்மா எங்கள் வீட்டுத் தொலைபேசியிலும் பேசினார். “குளிர ஆரம்பிச்சிடுச்சு, சட்டை எல்லாம் இங்கயே கெடக்குதே, அனுப்பட்டுமா, இல்ல வந்து எடுத்துக்கிறியா?” என்றார். குரல் அவ்வளவு மென்மை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கோசுகே பேசினான். நான்கு நிமிடம். மூன்று நிமிடம் பனியைப் பற்றி. கடைசியில் “நீ போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி” என்றான். “எது சரி?” என்றேன். “தெரியல” என்றான்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குத் திரும்பி வரவேண்டும். ஒரு வட்டத்துக்குள் சிவப்பு மை வைத்தால் கதவு திறக்கும் என்றால் வைத்துவிட்டுப் போகிறேனே. எப்படியும் நான் செய்ததுதான். அந்த வீட்டில் ஆயுள் முழுக்கக் குற்றவாளியாக இருப்பேன். குற்றவாளிக்கும் அங்கே அடுப்புப் பக்கம் உட்கார இடம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. என் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பழம் வெட்டித் தருகிறாள்.

இருபத்தைந்தாம் தேதி விடுமுறை நாள். அன்று போடப் போகிறேன்.

மிஹோகோ

.

நவம்பர் 14

அண்ணி,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழிப்பறையில் போட்டேன். 

குச்சி இல்லை. பானைதான்.

பானை வேறு வேறு என்று நீங்கள் சொன்னீர்கள். பார்க்க வேறு வேறுதான். இடதுபக்கம் வெள்ளை, வலதுபக்கம் சாம்பல். ஆனால் வெள்ளைக் கக்கே வேகும் தண்ணீர் நீர்த்தே இருக்கும், வழவழப்பு வராது, மாவு பச்சையாகத் தெரியும். அதனால் சாம்பல் பானையிலிருந்து இரண்டு கரண்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைப் பானையில் விடுவோம். மணம் வரும், கக்கே பளபளக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா சொல்லிக்கொடுத்தாள். வெளியாள் யாரிடமும் சொல்லக்கூடாது, நம் கடை ருசி அதில்தான் இருக்கிறது என்றாள்.

நீங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் எப்போதும் வெளியே பரிமாறுவீர்கள், வந்தவர்களோடு பேசுவீர்கள், உள்ளே அம்மாவும் நானும் இருப்போம். அம்மா உங்களை வெளியாள் என்று நினைத்துத்தான் சொல்லவில்லையா, சொல்லத் தோன்றவில்லையா, எனக்குத் தெரியாது. உங்கள் வரைபடம் அச்சாகி வந்தபோது அம்மா அந்த வரியைப் படித்தாள். “வெள்ளையில சொபா இல்லன்னு போட்டிருக்கா. இல்லதானே, மாவுல இல்லையே” என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்ணீரைச் சாப்பாட்டில் ஒன்றாக நாங்கள் எண்ணியதே இல்லை.

அண்ணன் விறகு, காய், மீன் என்று பின்பக்கமே இருப்பான். அவனுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்று கூட்டம். தண்ணீர் வற்றி வற்றிப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருந்தோம். “தோவா, ஊத்து” என்றாள் அம்மா. நான் ஊற்றினேன். இரண்டு இல்லை, அவசரத்தில் மூன்றோ நான்கோ. நீங்கள் உள்ளே எட்டிப் பார்த்து “ஒரு வெள்ளை, ஒரு சாம்பல்!” என்றீர்கள். நான்தான் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். நீங்கள் வெளியே சிரித்துக்கொண்டு அந்த ஓனிஷியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பானையே வேற வேற. கேட்டது அண்ணி. கரண்டி கையில்தான் இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை. அவர் கீழே விழுந்து நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் தோன்றியது.

ஆம்புலன்ஸ் போனதும் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். “பானைய ஊத்திடு” என்றாள். பிறகு, “நம்ம வீட்ல இத்தனை வருஷம் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கா? தண்ணி சொபா ஆகுமா? வாயத் தொறக்காத. தொறந்தா கடை போச்சு, உங்கண்ணன் போச்சு, உன் படிப்பு போச்சு” என்றாள். நான் இரண்டு பானையையும் சாக்கடையில் கொட்டினேன். சோடா போட்டுத் தேய்த்தேன். அதிகாரிகள் வந்தபோது பானை இரண்டும் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் வெளியே படியில் உட்கார்ந்து “குச்சி, குச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தீர்கள். எனக்கு நன்றி சொன்னீர்கள்.

நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். நீங்கள் முத்திரை போட்டு வந்துவிட்டால் இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இதை யாரிடம் காட்டினாலும் நான் எழுதியதுதான் என்று சொல்வேன். சொல்வேன் என்று நினைக்கிறேன். அம்மாவைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அடிக்கமாட்டாள். அடிக்கிற பயம் இல்லை இது.

தோவா

.

நவம்பர் 22
யாய்சு

தோவா,

வந்தது. மதிய இடைவேளையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உள்ளே போய் மாலைவரை முள் பிடுங்கினேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். அழுகை, கோபம், ஏதாவது ஒன்று. வீட்டுக்கு வந்து குளித்தேன். தூங்கினேன். அடுத்த நாளும் பார்த்தேன். இல்லை.

மூன்றாம் நாள், சாப்பிடும்போது குச்சியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

தாளில் முத்திரை போடவில்லை. போடமாட்டேன். புத்தாண்டுக்கு வரமாட்டேன்.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பயப்படாதே, நகல் எடுக்கவில்லை. ஒரு சிறுமி கணக்குப் புத்தகத்தின் அடியில் வைத்து எழுதியதைக் கொண்டுபோய் அவள் அம்மாவின் முன்னால் வீசுகிற வேலையை நான் செய்யமாட்டேன். செய்ய ஆசை வந்தது. அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கடை திறந்தால் அந்தக் கரண்டி மறுபடி போகுமா? ஜனவரியில் வருகிறவர்களில் ஒருவர் வாசலில் நின்று, வெள்ளையில் சொபா இல்லையே என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல நான் அங்கே இருக்கமாட்டேன். யார் சொல்வார்கள்?

எனக்கு இனி எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையைச் சூடாக வைத்துக்கொள்.

மிஹோகோ

.

ஜனவரி 12
மிசுனாஷி

அண்ணி,

நீங்கள் முத்திரை போடவில்லை. ஆனாலும் தாள் போய்விட்டது. டிசம்பர் ஆரம்பத்தில் அம்மா அதே வாசகத்தை மறுபடி எழுதி, வீட்டு முத்திரையை எடுத்து வைத்தாள். முத்திரையில் ‘கடோகுச்சி’ என்று மட்டும்தானே இருக்கிறது. அம்மாவும் கடோகுச்சி, நீங்களும் கடோகுச்சி. சுகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்கவேண்டும். எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

சனிக்கிழமை, பத்தாம் தேதி, கடை திறந்தோம். இரண்டாவது பாகத்தின் முதல் பகுதி வெள்ளிக்கிழமை வந்திருந்தது. பத்து மணிக்கே வாசலில் ஆட்கள். புதிய வரைபடத்தில் எங்கள் கடை ஐந்தாவது. நீங்கள் எழுதிய வரிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், வெள்ளையில் சொபா இல்லை என்ற அந்த வரியையும். கீழே உங்கள் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு அம்மா, “தோவா, ஊத்து” என்றாள்.

நான் ஊற்றினேன் அண்ணி. இதை மறைக்கக்கூடாது. கை தானாகப் போனது. இரண்டு கரண்டி.

பரிமாற ஆள் இல்லாததால் நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஓர் அம்மாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒவ்வாமை ஒன்றும் இல்லை. பையன் தாளை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அந்த அம்மா சும்மா, பேச்சுக்கு, “வெள்ளைன்னா முழுக்கக் கோதுமைதானே? சொபா துளிகூட இல்லையாமே” என்றார்.

“இருக்கு” என்றேன்.

“என்னம்மா?”

“வெள்ளையிலயும் இருக்கு. தண்ணி ஒன்னுதான். அந்தப் பானையிலேர்ந்து எடுத்து இந்தப் பானையில ஊத்துவோம். எப்பவுமே.”

சத்தமாகச் சொன்னேனோ என்னவோ, கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூலையில் இருந்த ஒருவர் குச்சியைக் கீழே வைத்தார்.

“அப்ப செப்டம்பர்ல ஒரு பொண்ணுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“அப்பவும் நான்தான் ஊத்தினேன். எங்க அண்ணிக்குத் தெரியாது. அவங்க தப்பு எதுவும் பண்ணல.”

கோபமாக யாரும் பேசவில்லை. எழுந்து, காசை மேசைமேல் வைத்துவிட்டு, “நன்றி” என்று சொல்லி ஒவ்வொருவராகப் போனார்கள். பையன் மட்டும் “அம்மா, இன்னும் படம் எடுக்கலையே” என்றான். அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கிண்ணத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது.

அண்ணன் பின்கதவில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்தான். அம்மாவிடம், “நிஜமா?” என்றான். அம்மா கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நிஜமான்னு கேட்டேன்.”

“ருசிக்குத்தானேடா” என்றாள் அம்மா. “ருசிக்குத்தானே ஊத்தினோம்.”

அவன் ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மேலே போனான். உங்கள் கடிதங்களையும் நீங்கள் திருப்பி அனுப்பிய என் கடிதத்தையும் எடுத்துக்கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். விடியும்வரை அவன் அறையில் விளக்கு எரிந்தது. நேற்று குமமோத்தோவுக்கு, அந்த ஓனிஷி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினான். சுவரைப் பார்த்துத் தலை குனிந்து குனிந்து பேசினான். இன்று காலை முதல் ரயிலில் கிளம்பிவிட்டான். எங்கே என்று சொல்லவில்லை. கையில் உங்கள் குளிர்காலச் சட்டைகள் இருந்த பை. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவன் உங்கள் வாசலில் வந்து நின்றிருப்பான். என்ன பேசுவது என்று தெரியாமல் பனியைப் பற்றித்தான் ஆரம்பிப்பான். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். அவனுக்காக நான் எதுவும் கேட்கமாட்டேன்.

சுகா வந்து கடையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். சுகாதார அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை வருகிறார்கள். பானையைக் கொட்டியது யார் என்று கேட்டால் நான் என்று சொல்வேன்.

எனக்கு லேசாக ஆகவில்லை அண்ணி. ஆகும் என்று ரின்கா சொன்னாள். பயம் அப்படியேதான் இருக்கிறது.

அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று மாலை ஒரு பலகையில் கறுப்பு மையால் எழுதினேன்: ‘எங்கள் கடையில் வெள்ளைக் கக்கேவும் சாம்பல் கக்கேவும் ஒரே தண்ணீரில் வேகின்றன. சொபா ஆகாதவர்கள் தயவுசெய்து சாப்பிடவேண்டாம்.’ ஏணி போட்டு வாசலுக்கு மேலே மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே வந்தாள். பிடுங்கிவிடுவாள் என்று நினைத்து ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கடைசி எழுத்துவரை படித்தாள். பிறகு உள்ளே திரும்பிப் போய்க்கொண்டே சொன்னாள்:

“அங்க மாட்டினா பனி பட்டு எழுத்தெல்லாம் அழிஞ்சிடும். உள்ள மாட்டு.”

தோவா